கியர் ஆயிலுக்கு அடியில் கிடந்த துண்டுகள்

கடைசிச் சொட்டும் விழுந்து முடிந்தபின் தட்டை வண்டிக்கு அடியிலிருந்து இழுத்து வெளிச்சத்தில் வைத்தேன். ஆயில் கன்னங்கரேல் என்று இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். தட்டைக் கொஞ்சம் சாய்த்ததும் அடியில் ஏதோ மின்னியது. விரலை விட்டுத் துழாவி எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், மூன்று மூலையுள்ள ஓர் எஃகுத் துண்டு.

வண்டிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பின்சக்கரத்துக்கு விசை போகிற வகை. நான்கு கியர், ஒரு ரிவர்ஸ். அப்பா ஓட்டியது, அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். கியர் நழுவியதில்லை, பாதியில் நின்றதில்லை. காலையில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியருக்குப் போகையில் மட்டும் லேசாகக் 'கர்' என்று ஒரு சத்தம் வரும். நியூட்ரலில் நிற்கும்போது அடியில் ஒரு முனகல் கேட்கும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கியர் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று எங்கும் குறிப்பு இல்லாததால், மாற்றிவிடலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். அவ்வளவுதான் திட்டம்.

அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது உண்மை. இந்த இடத்தில் மனசு இரண்டு பக்கமும் ஓடும். ஒன்று, கியர்பாக்ஸை உடனே இறக்கிப் பிரித்துப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றும். இல்லையென்றால், இத்தனை நாள் ஓடிய வண்டிதானே, புது ஆயிலை ஊற்றி மூடிவிடலாம் என்று தோன்றும். பழைய வண்டி வைத்திருக்கும் பலர் இதில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த வேலையை ஓரளவு சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படம் அனுப்பிவிட்டுப் பேசினேன்.

"அண்ணே, பல் ஒடஞ்சிருச்சுண்ணே."

"எந்தப் பல்லு தம்பி?"

"தெரியலண்ணே. இனிமேதான் பார்க்கணும்."

"அப்ப பல்லுன்னு எப்படிச் சொல்ற? மொதல்ல காந்தத்துல ஒட்டுதா பாரு. ஓரம் கூரா இருக்கா, மழுங்கியிருக்கா பாரு. அப்புறம் தட்டுல இன்னும் என்னென்ன கிடக்குன்னு பாரு. பெருசா இருக்கறதை மட்டும் பார்த்துட்டு எந்திரிச்சிராத."

கடைசியில் சொன்னதுதான் இந்தக் கதையில் முக்கியமானது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

ஆயிலைத் தூக்கிக் கொட்டியிருந்தால் எல்லாமே போயிருக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்து, அதன் வழியாக மெதுவாக வடிகட்டினேன். கியர் ஆயில் கெட்டியானது, அவசரப்பட்டால் துணியிலேயே தேங்கி நிற்கும். வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வடிப்பது நல்லது என்பார்கள். அடியில் படிந்த தூளும் கலங்கி ஆயிலோடு சேர்ந்து வரும். துணியில் தங்கியதை மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் தாளில் பரப்பி உலரவிட்டேன். ஆயில் வடிக்கும் அடித் திருகான ட்ரெய்ன் பிளக்கின் துளை வழியாக, வளையும் கம்பியின் நுனியில் காந்தம் வைத்த குச்சியை விட்டு மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். வார்ப்பில் அடியில் இருக்கும் பள்ளங்களில் கனமான துண்டுகள் குந்திக்கொள்ளும், ஆயிலோடு வெளியே வராது. என் வண்டியின் பிளக்கில் காந்தம் இல்லை. அதனால் இத்தனை வருஷத்துத் தூளும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆயில் வடிப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து அசையாமல் போயிருந்தால், ஆயிலை வடித்த பிறகு திரும்ப ஊற்ற வழியிருக்காது, வண்டி அங்கேயே நின்றுவிடும். வடிந்த ஆயிலை அளந்தும் வையுங்கள். கையேட்டில் உள்ள அளவைவிட ரொம்பக் குறைவு என்றால், கிடைக்கிற துண்டுகளுக்கான காரணத்தில் பாதி அதிலேயே இருக்கிறது.

தாளில் இருந்ததைப் பிரிக்க, ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேலாக ஓட்டினேன். இரும்பு வகையெல்லாம் உறையில் ஒட்டிக்கொள்ளும். உறையை உள்பக்கம் வெளியாகப் புரட்டினால் தூள் உறைக்குள்ளேயே தங்கிவிடும், காந்தமும் சுத்தமாக இருக்கும். ஒட்டாமல் தாளில் மிஞ்சியதைத் தனியாகச் சேர்த்தேன். இப்போது என் முன்னால் இரண்டு குவியல்கள்.

ஒட்டாத குவியலை முதலில் எடுத்துக்கொண்டேன். அதில் மஞ்சள் மினுமினுப்பு கண்ணுக்கு உடனே தெரிந்தது, பொன் தூவியதுபோல. பழைய கியர்பாக்ஸில் இது வருகிற முதல் இடம் சின்க்ரோ வளையம். கியரும், அதைத் தண்டோடு பூட்டுவதற்கு நகர்ந்து வரும் ஸ்லீவும் பல்லோடு பல் சேர்வதற்கு முன் இரண்டின் வேகத்தையும் சமன்படுத்துவது அதன் வேலை. 1928-இல் காடிலாக் கார்களில் இது வருவதற்கு முன்பு, ஓட்டுநர் இரண்டு தடவை கிளட்சை மிதித்து அந்த வேகத்தைக் காலாலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகத் தேய்கிறது இந்தப் பித்தளை வளையம். ஆகவே மஞ்சள் தூள் வந்தால் பயப்பட வேண்டாம். அளவு அதிகமாக இருந்து, கூடவே ஏதாவது ஒரு கியரில் 'கர்' சத்தமும் கேட்டால், எந்த வளையம் தேய்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

மஞ்சள் நிறத்தில் தகடாகவோ துண்டாகவோ வந்தால் கதை வேறு. அது பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வெண்கல த்ரஸ்ட் வாஷராக இருக்கலாம், சில பேரிங்குகளில் உருளைகளைப் பிடித்து நிற்கும் பித்தளைக் கூடாக இருக்கலாம், கியர் மாற்றும் ஃபோர்க்கின் நுனியாகவும் இருக்கலாம். என் தாளில் மஞ்சளில் தூள் மட்டும்தான் இருந்தது.

அதோடு வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக நான்கைந்து சீவல்கள். காந்தத்தில் ஒட்டவில்லை, விரலில் கனமே இல்லை. அலுமினியம். எஃகின் அடர்த்தி 7.8 என்றால் அலுமினியத்துக்கு 2.7தான். ஒரே அளவுத் துண்டுகளை இரண்டு விரலில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். கியர்பாக்ஸ் கூடே அலுமினியம் என்பதால் ஒரு நிமிஷம் பதறினேன். சுருளை உருப்பெருக்கியில் பார்த்தபோது விளங்கியது: ட்ரெய்ன் பிளக்கின் மரையில் சீவிக்கொண்டு வந்தது. யாரோ எப்போதோ பிளக்கைக் கோணலாக ஏற்றியிருக்கிறார்கள். மரையிலிருந்து வரும் சீவல் இப்படிச் சுருண்டிருக்கும். கூட்டின் உள்சுவரைப் பல்லோ வாஷரோ உரசிக்கொண்டு வந்தால் தட்டையாக, கீறலோடு, சாம்பல் மாவு கலந்து வரும். இந்த அடையாளம் தெரியாமல் மரைச் சீவலைப் பார்த்து கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு.

இனி காந்தத்தில் ஒட்டிய குவியல். அதில் பெரும்பகுதி சாம்பல் நிறப் பசை. பூனை முடிபோல மெத்தென்று இருக்கும், இரண்டு விரலால் தேய்த்தால் உறுத்தாது. பற்கள் ஒன்றோடொன்று உருண்டு உரசும்போது இயல்பாக உதிர்வது இது. எந்த வண்டியிலும் இருக்கும். விரலில் மணல்போல நெருடினால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். எனக்கு நெருடியது. அதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, அண்ணன் சொன்னதை மறந்து, பெரிய துண்டையே மறுபடி கையில் எடுத்தேன். கண் அங்கேதான் போகிறது.

ஒரு துண்டைப் பார்க்கும்போது அதன் முகங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்காது. உருவாக்கும்போதே கடைந்த முகம், ஓட்டத்தில் தேய்ந்து பளபளத்த முகம், முறிந்த முகம் என்று மூன்று வகை வரும். முறிந்த முகம்தான் அதிகம் பேசும். ஒரே அடியில் உடைந்திருந்தால் முகம் முழுக்க ஒரே சீராகச் சொரசொரப்பாக, உடைத்த கல் உப்புபோலப் பொரிபொரியாக இருக்கும். நாள்பட்டு விரிசல் விட்டு உடைந்திருந்தால் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, அலை வந்து போன மணலில் கோடு விழுந்திருப்பதுபோல வளைவு வளைவாகக் கோடுகள் பரவியிருக்கும். கடைசியில் தாங்காமல் முறிந்த சிறு பகுதி மட்டும் பொரிபொரியாக இருக்கும். பல்லின் அடிவேரில் தொடங்கிய இப்படிப்பட்ட விரிசல் கையில் கிடைத்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. பக்கத்துப் பல்லும் அதே சுமையைத்தான் இத்தனை நாளும் தாங்கியிருக்கிறது.

என் துண்டில் கோடுகள் இல்லை. முறிந்த முகம் பொரிபொரியாக இருந்தது. பளபளத்த முகம் ஒன்று, லேசான வளைவோடு. கடைந்த முகம் ஒன்று, நேராக. ஆக, ஒரு பல்லின் நடுவிலிருந்து வந்ததில்லை, பல்லின் ஓரத்து மூலையிலிருந்து வந்தது. பழைய அரம் ஒன்றை எடுத்துப் பளபளத்த முகத்தில் இழுத்தேன். வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. முறிந்த முகத்தின் உள்பகுதியில் இழுத்தபோது கொஞ்சம் கடித்தது. கியர் பற்களுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியிருக்கும். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை ஆழம், ராக்வெல் 'சி' அளவில் 60-ஐ ஒட்டிய கடினம். உள்ளே மெதுவான எஃகு, அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. அரம் சொன்னதும் அதையேதான். ஆகவே இது பாகங்களை நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தின் துண்டோ பின் துண்டோ கிடையாது, பல்தான். அண்ணனிடம் அவசரப்பட்டுச் சொன்னது தற்செயலாகச் சரியாகிப்போனது.

ஆனால் அவர் கேட்ட இரண்டாவது கேள்வி இருந்தது. ஓரங்கள் மழுங்கியிருந்தன. முறிந்த முகமே கறுத்துப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் எவ்வளவு தேய்த்தும் அந்தக் கறுப்பு போகவில்லை. புதிதாக உடைந்த எஃகு பளிச்சென்று வெளிறித் தெரியும், ஓரம் விரலைக் கிழிக்கும். இது வருஷக்கணக்காக ஆயிலுக்கு அடியில் ஊறிக் கிடந்தது. அப்பா ஓட்டிய காலத்திலேயே உடைந்ததாக இருக்கலாம்.

எந்தப் பல்? பழைய கியர்பாக்ஸில் மூலை தெறிக்கும் வழக்கமான இடம் ரிவர்ஸ். முன்னோக்கிய கியர்கள் எப்போதும் பல்லோடு பல் சேர்ந்தே சுற்றுகின்றன, ஸ்லீவ்தான் நகர்கிறது. ரிவர்ஸில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. நேராக வெட்டிய பற்களுள்ள ஒரு சின்ன இடைச் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து மற்ற இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நுழைய வேண்டும். சின்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்த உடனே போட்டால் உள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பல்லின் முகத்தில் இதன் மூலை போய் மோதும். 'கறக்' என்று அந்தச் சத்தம் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு மூலை கொஞ்சம் பதம் இழக்கிறது. கிளட்சை மிதித்து இரண்டு மூன்று வினாடி பொறுத்துப் போட்டாலே இது தவிரும். அல்லது முதலில் சின்க்ரோ உள்ள ஒரு முன் கியரைத் தொட்டு உள்ளே சுற்றும் தண்டை, அதாவது ஷாஃப்டை, நிறுத்திவிட்டு ரிவர்ஸ் போடலாம்.

என் வண்டியின் கியர்பாக்ஸில் மேல்மூடி தனியாகக் கழலும். இந்த வசதி உள்ள வண்டி என்றால் பாக்ஸை இறக்காமலே எல்லாப் பற்களையும் பார்த்துவிடலாம். மூடியைத் தூக்கினேன். ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, முன்னால் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றச்சொல்லித் தம்பியை நிறுத்திவிட்டு, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக எண்ணினேன். குறி திரும்பி வரும்வரை ஒரு சக்கரம். அப்புறம் அடுத்தது. முன் கியர்களில் ஒரு பல்லும் குறையில்லை. பல்லின் நடுவில் குழி விழவில்லை. ரிவர்ஸ் இடைச் சக்கரத்துக்கு வந்தபோது நுழையும் பக்கத்து மூலைகள் வரிசையாகக் கடித்த மாதிரி இருந்தன. அதில் மூன்று மூலைகள் முழுசாகவே இல்லை. கையில் இருந்த துண்டை ஒரு இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். ஓரம் தேய்ந்திருந்ததால் கச்சிதமாக உட்காரவில்லை. ஆனால் வளைவும் கோணமும் அதேதான்.

மூன்று மூலை இல்லை, கையில் ஒன்றுதான் இருக்கிறது. மீதி இரண்டு எங்கே? இந்தக் கணக்கை நான் இப்போது எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். துண்டு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த இடத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிச்சம் உள்ளே இருக்கிறது, என்றைக்காவது இரண்டு பற்களுக்கு நடுவில் போய் மாட்டலாம்.

இருந்தாலும் எனக்கு அன்று பெரிய நிம்மதி. பழைய முறிவு, ரிவர்ஸில் மட்டும், முன் கியர் எல்லாம் நன்றாக இருக்கிறது. மூடியை மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நெருடுதுன்னு ஒதுக்கி வச்சியே, அது என்ன தம்பி?"

ஒதுக்கி வைத்ததைத் தாளில் கொட்டி உருப்பெருக்கியில் பார்த்தேன். மீன் செதில் மாதிரி மெல்லிய சில்லுகள், ஏழெட்டு. பெரியதே ஒரு மில்லிமீட்டர் தாண்டாது. ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பு, அதில் லேசான வளைவு. மறுபக்கம் கிழித்த மாதிரி சொரசொரப்பு. ஓரங்கள் கூராக, பளிச்சென்று இருந்தன. கறுப்பே இல்லை.

இவை புதியவை. இப்போது, இந்த மாதம், அநேகமாக நேற்று உதிர்ந்தவை. என்னைப் பயமுறுத்திய பெரிய துண்டு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன கதை. கண்ணில் படாத இந்தச் செதில்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும் நோய்.

உருண்டை அல்லது உருளை ஓடும் பாதையிலிருந்து இப்படிச் செதில் உரியும். சுமையோடு உருளை ஒரே இடத்தில் கோடிக்கணக்கான தடவை உருண்டு போகும்போது எஃகை வெட்டுவதுபோல இழுக்கும் விசை மேற்பரப்பில் உச்சத்துக்கு வருவதில்லை, அதற்குச் சற்றுக் கீழேதான் உச்சத்தைத் தொடுகிறது. அங்கே மயிரிழை விரிசல் உண்டாகி, பக்கவாட்டில் பரவி, ஒருநாள் மேலே எட்டிப்பார்க்கும். அப்போது மேல்தோல் செதிலாகக் கழன்று விழும். பளபளத்த பக்கம் உருளை ஓடிய பாதை, சொரசொரத்த பக்கம் கிழிந்த உள்பகுதி. முதல் குழி விழுந்துவிட்டால் அதன் விளிம்பில் ஒவ்வொரு உருளையும் இடிக்கும், குழி பெருகும். இது தானாக நிற்காது. புது ஆயில் ஊற்றினால் சத்தம் கொஞ்சநாள் குறையலாம், அவ்வளவுதான்.

செதில் எந்த பேரிங்கிலிருந்து வந்தது என்று செதிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் காது வேண்டும். இத்தனை நாள் நான் பொருட்படுத்தாமல் விட்ட முனகலை இப்போது உட்கார்ந்து கேட்டேன். மூடியை மாட்டி, ஆயில் ஊற்றி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓடவிட்டேன். நியூட்ரலில், பெடலில் கால் வைக்காதபோது முனகல் கேட்டது. கிளட்சை மிதித்ததும் நின்றது. மிதிக்கும்போது சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதித்ததும் சத்தம் நின்றால், நியூட்ரலில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற இரண்டில் ஒன்றின் பேரிங்தான்: எஞ்சின் விசையை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட், அல்லது அதை வாங்கி மற்றக் கியர்களுக்குக் கடத்தும் இடைத்தண்டான லே ஷாஃப்ட்.

இரண்டில் எது என்பதை ஓட்டிப் பார்த்துப் பிரித்தேன். இந்த மாதிரிப் பழைய நான்கு கியர் பாக்ஸில் நான்காவது கியர் நேரடி இணைப்பு. இன்புட் ஷாஃப்டும், விசையை வெளியே பின்சக்கரத்துக்கு அனுப்பும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், விசை லே ஷாஃப்ட் வழியாகப் போகாது. லே ஷாஃப்ட் சும்மா சுற்றும், சுமை இருக்காது. முதல் மூன்று கியரில் சுமை முழுக்க அதன் வழியாகத்தான் போகும். ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முனகல் உறுமலானது. நான்காவது போட்டதும் அடங்கிப்போனது. காது கூசாத அமைதி. அப்படியானால் லே ஷாஃப்ட். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் கேட்டிருந்தால் அந்த ஜோடிப் பற்களைப் பார்த்திருப்பேன். சுற்றுக்கு ஒரு தடவை 'டக், டக்' என்று கேட்டிருந்தால் உடைந்த ஒற்றைப் பல்.

அப்புறம் பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை. இறக்கினோம்.

இந்த வகைப் பாக்ஸில் லே ஷாஃப்டின் நடுத்தண்டு சுற்றாது. கூட்டின் இரு சுவர்களிலும் பொருந்தி அசையாமல் நிற்கும். அதன்மேல் கியர் கொத்து, இரு முனைகளிலும் ஊசிபோன்ற நீடில் ரோலர்களின்மேல் சுற்றும். தண்டு அசையாததால், பற்கள் தள்ளும் விசை எப்போதும் தண்டின் ஒரே பக்கத்தில்தான் விழும். இத்தனை வருஷமும் ஒரே பக்கம். தண்டை உருவித் துடைத்தபோது அது கண்முன்னால் இருந்தது. முக்கால் சுற்று புதுசு மாதிரி மின்னியது. முன்முனையில், ஒரு பக்கத்தில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு அம்மை வடு போலப் பள்ளம் பள்ளமாக உரிந்திருந்தது. நகத்தை அதன்மேல் ஓட்டினால் மாட்டி மாட்டி நின்றது. உறையில் எடுத்து வைத்திருந்த செதில்களின் வளைவு அந்தத் தண்டின் வளைவுதான்.

நீடில் ரோலர்கள் கழன்று விழும்போதே எண்ண வேண்டும். கையேட்டின்படி ஒவ்வொரு முனைக்கும் 23. பின்பக்கம் 23 வந்தது. முன்பக்கம் 22. மறுபடி எண்ணினேன், 22. ஒரு ரோலர் பற்களுக்கு நடுவில் சிக்கினால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் கூட்டைக் காந்தத்தால் துழாவி, தரையைத் துடைத்து, துணியை உதறி, அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் த்ரஸ்ட் வாஷரின் பின்பக்கம் ஆயில் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரோலர்கள் நேரடியாக ஓடுவது கியர் கொத்தின் துளைச் சுவரில் என்பதால் அங்கேயும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே குழி விழுந்திருந்தால் தண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. நல்லவேளை, அது வழவழப்பாகவே இருந்தது.

மஞ்சள் தூளுக்கும் விடை கிடைத்தது. சின்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்பில் கையால் அழுத்திவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரின் வளையம் இறுகப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதின் வளையம் வழுக்கியது. வளையத்துக்கும் கியருக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டால் மூன்றாவதில் 0.9 மி.மீ., இரண்டாவதில் 0.3-தான். வளையத்தின் உள்பக்கம் மெல்லிய மரைபோல வரிகள் இருக்கும், கூம்பின் மேலுள்ள ஆயில் படலத்தை வெட்டிவிட்டு உலோகம் உலோகத்தைப் பிடிப்பதற்காக. இரண்டாவதில் அந்த வரிகளின் முனைகள் தட்டையாகத் தேய்ந்திருந்தன.

இதற்கு ஆயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். வடித்த ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக இருந்தது. ஜி.எல்.5 தரத்து ஆயில், பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலில் பற்கள் பயங்கரமாகச் சறுக்கி உரசும் இடத்துக்காக வந்தது. அதில் அழுத்தம் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜி.எல்.4-ஐவிட அதிகம். அதில் சில வகைகள் சூட்டில் பித்தளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். 5 என்பது 4-ஐவிடப் பெரிய எண்தானே என்று நினைத்து ஊற்றுவது பழைய வண்டிகளில் நிறைய நடக்கிறது. பித்தளை வளையம் உள்ள பாக்ஸுக்குக் கையேடு ஜி.எல்.4 என்று சொன்னால் ஜி.எல்.4-தான் ஊற்ற வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

தண்டு, ரோலர்கள், த்ரஸ்ட் வாஷர்கள், இரண்டாவது கியரின் வளையம், எல்லா ஆயில் சீல்களும் புதிதாகப் போட்டோம். ரோலர்களைக் கிரீஸ் தடவி ஒவ்வொன்றாகத் துளைச் சுவரில் நிறுத்தி, நடுவில் அதே தடிமனில் கட்டையான ஒரு தண்டைச் செருகி, கொத்தைக் கூட்டுக்குள் இறக்கி, உண்மையான தண்டைத் தள்ளும்போது அந்தக் கட்டைத் தண்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. ரிவர்ஸ் இடைச் சக்கரத்தை மாற்றவில்லை. மூலைகளில் இருந்த கூர்மையான பிசிறுகளை எண்ணெய்க் கல்லால் நீவிவிட்டு அப்படியே மாட்டினேன். பல்லின் நீளத்தில் பெரும்பகுதி முழுசாக இருக்கிறது, ரிவர்ஸில் ஓடுகிற நேரமும் குறைவு. சிலர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பற்களின் அடியில் விரிசல் இல்லை என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன்.

மாட்டுவதற்கு முன் காலிக் கூட்டைக் கழுவினோம். பின்சுவரின் கீழ்மூலையில் வார்ப்பில் ஒரு சின்னக் குழி, அதில் தார்போல இறுகிய கசடு. ஸ்க்ரூ டிரைவரால் கிண்டி மண்ணெண்ணெயில் கரைத்தபோது அதற்குள் இருந்து இரண்டாவது மூலைத் துண்டு வந்தது. முதல் துண்டைப் போலவே கறுத்து, மழுங்கி. மூன்றாவதுக்காக எல்லாக் குழியையும் சுரண்டினோம், கிடைக்கவில்லை. கூடு சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். எப்போதோ ஓர் ஆயில் மாற்றத்தில் அது தட்டோடு வெளியேறிப்போயிருக்க வேண்டும்.

இந்தத் தடவை காந்தம் பதித்த ட்ரெய்ன் பிளக் போட்டேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மறுபடி வடித்து, துணியில் வடிகட்டி, வெள்ளைத் தாளில் பரப்பினேன். காந்தத்தில் மெத்தென்ற சாம்பல் பசை, புதுத் தண்டும் ரோலரும் ஒன்றுக்கொன்று பழகும்போது வருகிற அளவுக்கு. மஞ்சள் மினுமினுப்பு ஒரு சிட்டிகைகூட இல்லை. விரலில் தேய்த்தேன், நெருடவில்லை. பசையை ஒரு சின்ன உறையில் போட்டு, கிலோமீட்டரை எழுதி, இரண்டு மூலைத் துண்டுகளும் செதில்களும் இருக்கும் டப்பாவிலேயே வைத்தேன். அடுத்த தடவை வடிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.